பூப்பல் சார் பயந்த இருநூறு வாழைகள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன், மறுக்க இயலாது. மழைக்காலத்தில் ஒரு நாள் உங்கள் அலமாரியைத் திறந்தீர்கள். போன கல்யாணத்துக்கு வாங்கிய தோல் செருப்பின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு ஒன்று மெல்லப் படர்ந்திருந்தது. கண்டீர்கள். "சீ" என்றீர்கள். பழைய துணியால் துடைத்தீர்கள். மறந்தீர்கள். மறக்கவில்லை என்று உங்களில் ஒருவரேனும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? நீங்கள் துடைத்தெறிந்த அந்தப் பஞ்சை எண்ணி, உங்களுக்கும் சேர்த்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரை நான் அறிவேன். அடித்துச் சொல்கிறேன்: கொச்சியில் முதல் கப்பல் நங்கூரமிட்ட நாள் தொட்டு இன்று வரை, மட்டாஞ்சேரி மண்ணில் அவரைவிடப் பயந்த மனிதர் ஒருவர் நடமாடியதில்லை.

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவில் அதைக் கேட்டவர் எவருமில்லை. பூசணத்தை மலையாளத்தில் பூப்பல் என்பார்கள். அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூறு முறை உச்சரித்தமையால் அவர் பூப்பல் சார் ஆனார். மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. களமசேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்தெருவில், சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு பழைய கிடங்கின் மாடியில் தனி வாசம். அதே கிடங்கின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம்; என் தந்தை அங்கே மிளகைத் தரம் பிரிப்பவர்.

பூசணத்துக்கு அஞ்சுகிறவர் ஈரம் குடிகொண்ட கிடங்கின் மேல் ஏன் குடியேறினார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"எதிரி எங்கே இருக்கான்னு தெரியாம உறங்குறது அதைவிடப் பேடி மோனே," என்றார். பேடி என்றால் மலையாளத்தில் பயம்; மோனே என்றால் மகனே.

அவருடைய பயத்துக்கு ஒரு காலக் கணக்கு உண்டு. மார்கழி, தை மாதங்களில் மனிதர்போல் இருப்பார். பங்குனியில் மூக்கு விடைக்கும். வைகாசியில் முதல் மழை விழுந்ததும் கையில் பூதக்கண்ணாடி முளைக்கும். ஆனி பிறந்துவிட்டால் எவரோடும் கைகுலுக்க மாட்டார். இரண்டு குடைகள் வைத்துக்கொள்வார். ஒன்று நனைவதற்கு, மற்றொன்று காய்வதற்கு. காய்கிற குடையை மணிக்கொரு முறை மோந்து பார்ப்பார். ஒரு முறை அதைக் கண்ட வெளிநாட்டுப் பயணி ஒருவர், இது இவ்வூர்ச் சடங்கு போலும் என்றெண்ணித் தம் குடையையும் பயபக்தியோடு மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

தெருமுனைச் சாயாக்கடையில் அவர் நுழைந்தாலே கடைக்கார இக்காவுக்கு வியர்த்துவிடும். ரொட்டித் துண்டை எடுப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், நான்கு விளிம்பையும் கண்ணாடி வைத்துப் படிப்பார்.

"சாரே, இது இன்னு ராவிலத்தெ பிரெட்டாணே!" இன்று காலை வந்த ரொட்டி என்று இக்கா கெஞ்சுவார்.

"காலைல வந்தது நீங்க சொல்ற ரொட்டி. அதுக்கு முன்னாடியே வந்து உள்ளே உக்காந்திருக்கிறவனை உங்களுக்கு அறியுமோ?"

இதைக் கேட்ட மாத்திரத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் தின்றுகொண்டிருந்ததைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரே வாக்கியத்தில் ஒரு கடையையே காலி செய்யும் வன்மையை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

மேடை என்றதும் என் காயத்தைத் திறந்தாக வேண்டும். எர்ணாகுளத்துத் தமிழர் விழா ஒன்றில் எனக்குப் பேச்சுப் போட்டி. 'மனிதனை உயர்த்துவது அறிவா, துணிவா?' என்பது பொருள். துணிவின் பக்கம் நின்று நான் பேசினேன். தன்னடக்கம் என்ற பெயரில் உண்மையை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. அன்று எதிரணியின் வாதம் ஒன்றுகூட உயிரோடு மிஞ்சவில்லை. நடுவர் எழுந்தார். முதற்பரிசு என்றார். இரும்புப் பீரோவிலிருந்து எடுத்து வந்த பொன்னாடையை விரித்தார். அவை கைதட்டியது. நான் கழுத்தைத் தாழ்த்தினேன்.

"போர்த்தாதீங்கோ!"

மூன்றாம் வரிசையிலிருந்து பூப்பல் சார் பாய்ந்து வந்தார். மேடையேறினார். எல்லார் கண்முன்னும் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பொன்னாடையின் ஓரத்தைத் திருப்பினார். "பாருங்கோ, பச்சை! இது குட்டியோட கழுத்துல ஏறினா அடுத்த வாரம் படை சொறிதான்!"

அவை சிரித்த சிரிப்பு இன்னும் என் செவியில் இருக்கிறது. அதற்குப் பின் நான் பேசப்போன இடமெல்லாம் எதிரணிக்காரன் எழுந்து, "பொன்னாடைக்கே அஞ்சியவரா துணிவைப் பற்றிப் பேசுகிறார்?" என்று தொடங்கினான். ஒரு வாரம் நான் அவரிடம் பேசவில்லை. எட்டாம் நாள் காலை எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு மஞ்சள் சோப்பு.

"கழுத்துல பட்டுட்டுதோன்னு எனக்கு உறக்கமே வரல்லை மோனே. இதால தேய்ச்சுக் குளி. என்னைத் திட்டிண்டே குளி, பரவாயில்லை."

அன்றுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. இந்த மனிதர் தமக்காகப் பயந்ததே இல்லை. ரொட்டி தின்பவனுக்காக, குடை பிடிப்பவனுக்காக, பரிசு வாங்குபவனுக்காகப் பயந்தார். அவருடைய மிகப் பெரிய பயமோ பயிர்களுக்காக. வயலில் பூஞ்சை தின்று தீர்க்கிற நெல்லையும் வாழையையும் பற்றிப் பேசும்போது, பக்கத்து வீட்டில் தீப்பற்றியதைச் சொல்பவர்போல் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

அந்தத் தீயை அணைக்க அவரிடம் ஒரு புட்டி இருந்தது. அதன் கதையை மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

"ஒரு முள்ளங்கி விதையை நினைச்சுக்கோ. ஈர மண்ணு. சுத்தியும் ஆயிரம் பூப்பல். காவலுக்கு அம்மையும் இல்லை, அப்பனும் இல்லை. தோல் வெடிச்சு முளை வெளியே வர்ற நேரம்தான் அதுக்கு ஆபத்து. அந்த நேரத்துல அது என்ன பண்றதுன்னு அறியுமோ? ஒரு குட்டிப் புரதத்தைக் கசிய விடும். அது போய்ப் பூப்பலோட மேல்தோல்ல ஒட்டி ஓட்டை போடும். அவ்வளவுதான், பூப்பல் தீர்ந்துது. விதையைச் சுத்தி ஒரு கோட்டை."

"அந்தப் புரதத்தை நீங்க பிரிச்செடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு. பெப்டைடுன்னு பேரு. நீ சாம்பார்ல முள்ளங்கி திங்கறாய் இல்லையோ, அதே குடும்பம்தான். இலை மேல தெளிச்சா விதையைக் காத்த மாதிரி இலையையும் காக்கும். ரசம் கொதிக்கிற மாதிரி கொதிக்க வச்சாலும் அசையாது. இந்த வீட்டுல பயப்படாத ஒரே ஆள் அதுதான்."

கண்ணாடித் தட்டுகளில் அது வென்றது. வலைக்கூடாரத்துத் தொட்டிச் செடிகளிலும் வென்றது. தோட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆய்வுக்கூடம் எழுத்து மூலம் அனுமதியும் தந்துவிட்டது. அந்தக் கடிதம் பூசணம் பிடிக்காதிருக்க லேமினேஷன் செய்யப்பட்டு, எட்டு மாதங்களாக அவர் சட்டைப்பையிலேயே குடியிருந்தது. வெயில் அதைச் சிதைத்தால்? மழை அடித்துக்கொண்டு போனால்? நம்பித் தெளித்தவன் தோட்டம் அழிந்தால்? கேள்வி ஒவ்வொன்றும் சில மாதங்களை விழுங்கியது.

இந்த நிலையில்தான் முருகேஸ்வரி அக்கா வந்தார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். மட்டாஞ்சேரிச் சந்தையில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறர் விளைவித்ததை விற்று வந்தவர். சென்ற ஆண்டு கும்பளங்கியில் வறீதேட்டன் என்பவரின் மேட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, ஓணத்துக்கு அறுப்பதற்கென்று இருநூறு நேந்திரன் வாழைகளை வைத்திருந்தார். குளத்தங்கரையில் நூறு, சாலையோரம் நூறு. அந்த நிலத்தின் மேல் வீடுகட்டிப் பயணிகளைத் தங்கவைக்க விரும்பிய ஓர் ஆள் வறீதேட்டனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஓணக் குலை நன்றாக வந்தால் நிலம் அக்காவிடம் தொடரும். வராவிட்டால் அவனிடம் போகும் என்று வறீதேட்டன் சொல்லிவிட்டார். வைகாசியின் முதல் மழை பெய்தது. வாழையிலைகளில் மஞ்சள் கோடுகள் தோன்றின.

நோய் பிடித்த இலை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கிடங்குக்கே வந்துவிட்டார் அக்கா. பூப்பல் சார் இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தார்.

"இலைப்புள்ளி. பூப்பல்தான். கோடு பழுப்பாகும், நடுவுல சாம்பலாகும், இலை கருகும். குலை விரல் தடிக்காது."

"அதைத்தான் நானே பாத்துட்டு வந்திருக்கேனே சாரு. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"எங்கிட்டே ஒண்ணு இருக்கு. ஆனா பேடியா இருக்கு. பத்து வாழைக்கு மட்டும் அடிச்சுப் பாப்போம். மிச்சத்துக்கு வழக்கமான செம்பு மருந்து அடிங்கோ."

இங்கேதான், வாசகரே, நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. கிடங்கு முற்றத்தில், சுக்கு மூட்டைகளின் நடுவே நின்று, அரை மணி நேரம் முழங்கினேன். பத்து மரத்தைக் காப்பாற்றி நூற்றுத் தொண்ணூறைக் கைவிடுவது அறமா என்றேன். அச்சத்தின் மடியில் எந்த உண்மை வளர்ந்தது என்றேன். எட்டு மாதமாகப் பையில் உறங்கும் கடிதமே, நீ கடிதமா, கல்லறையா என்று அவர் சட்டைப்பையைச் சுட்டிக் கேட்டேன். சுமட்டுத் தொழிலாளர்கள் சுமையை இறக்கிவைத்துவிட்டுக் கைதட்டினார்கள். பூப்பல் சாருக்கு எதிர்வாதம் செய்யத் தெரியாது. இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறை மூடினார்.

"சரி, இருநூறுக்கும்," என்றார். முகம் வெளிறியிருந்தது.

நான் வென்றேன். என் வாழ்க்கையில் நான் இன்றளவும் அஞ்சுகிற வெற்றி அது ஒன்றுதான்.

முதல் நாள் அவரே வந்தார். களமசேரி ஆய்வுக்கூடத்திலிருந்து நீல நிறக் கேன்களில் சுத்திகரித்த தண்ணீர் வந்திருந்தது. புட்டியிலிருந்த தூளை அதில் கரைத்து, தெளிப்பானை அக்கா முதுகில் மாட்டிவிட்டு, குளத்தங்கரை நூறு மரத்துக்கும் கூடவே நடந்தார். ஒவ்வொரு இலைக்கும் ஒரு முறை, "பாத்து, பாத்து" என்றார். ஐம்பதாவது மரத்தில் அக்கா திரும்பினார்.

"சாரு, வாழைக்குத் தாலியா கட்டுறோம்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல தெறிக்குது."

வீடு திரும்பியதும் பயத்திலேயே அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. மறுநாள் சாலையோர நூறு மரத்துக்கு என்னைப் பொறுப்பாக்கினார். படுக்கையிலிருந்தபடி மூன்று கேன்களைக் காட்டி, "இந்தத் தண்ணி மட்டும்தான். வேறே ஒரு சொட்டும் கூடாது. கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் சார்."

மூன்று கேன்களையும் கிடங்கின் கைவண்டியில் ஏற்றினேன். சுமட்டுத் தொழிலாளர் இருவர் உதவ வந்தனர். இதே முற்றத்தில் முழங்கியவன் இன்று மூன்று கேனுக்கு ஆள் தேடுவதா? வேண்டாம் என்றேன். முற்றத்துக் கல்லிடுக்கில் சக்கரம் சிக்கியது. இழுத்தேன். வண்டி குடை சாய்ந்தது. மூடிகள் பறந்தன. களமசேரித் தண்ணீர் முழுவதும் மிளகுச் சருகுகளை அடித்துக்கொண்டு சாக்கடைக்குள் போயிற்று.

வாசலில் ஆட்டோ காத்திருந்தது. மாடியில் காய்ச்சலோடு ஒருவர் படுத்திருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். 'சார், கவிழ்த்துவிட்டேன்' என்ற இரண்டு சொற்களுக்கு, அரை மணி நேரம் பேசத் தெரிந்த என்னிடம் மூச்சு இல்லை. எங்கள் கிணற்றில் மொண்டு மூன்று கேன்களையும் நிரப்பினேன். அலட்சியமாகச் செய்தேன் என்று எண்ணாதீர்கள். உள்ளங்கையில் ஏந்திக் குடித்தும் பார்த்தேன். நல்ல தண்ணீராகத்தான் இருந்தது. காயலுக்கும் கடலுக்கும் நடுவில் பிறந்து, கோடையில் உப்பேறிய அந்தக் கிணற்று நீரிலேயே சாயா குடித்து வளர்ந்த மட்டாஞ்சேரி நாக்கு எனது. அதற்கு உப்பு தெரிந்ததில்லை.

அன்றைக்குச் சாலையோர நூறு மரங்களுக்கும் தெளித்து முடித்தோம்.

பத்து நாள் கழித்து நாங்கள் மூவரும் தோட்டத்தில் நின்றோம். குளத்தங்கரையில் பழைய கோடுகள் வைத்தது வைத்தபடி நின்றிருந்தன. புதிய இலைகள் பச்சைப் பட்டாக விரிந்திருந்தன. சாலையோரத்திலோ கீழிலைகள் கருகித் தொங்கின. நடு இலைகள் முழுக்கப் புள்ளி. பூப்பல் சார் மரத்துக்கு மரம் ஓடினார். விரலை மடக்கி எண்ணியபடி தமக்குத் தாமே பேசினார்.

"வெயிலா? ரெண்டு பக்கமும் ஒரே வெயில்தான். மழையா? ரெண்டு பக்கமும் ஒரே மழை. தூளும் ஒரே புட்டி. உப்புத் தண்ணி பட்டா இது செத்துப்போகும். பூப்பல் தோல்ல ஒட்ட விடாம உப்பு நடுவுல புகுந்து தட்டிவிட்டுடும். ஆனா அது இல்லை. நான்தான் கேன் குடுத்தேனே." என் பக்கம் திரும்பினார். "கேன் தண்ணிதானே மோனே?"

வாசகரே, மீண்டும் நீங்கள்தான் சாட்சி. நான் ஆம் என்று சொல்லவில்லை. தலையை அசைத்தேன். அந்த அசைவை எவரும் எப்படி வேண்டுமானாலும் பொருள்கொள்ளலாம். அவர் நம்பிக்கையோடு பொருள்கொண்டார்.

அடுத்த மூன்று நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று என் தாயிடம் கேட்டால் சொல்வார். மாடியில் செருப்புச் சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியே நழுவினேன். கைபேசியில் அக்காவின் பெயர் ஒளிர்ந்தால் கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்து அழுத்தினேன். தண்ணீர் குடிக்கப்போய் டம்ளரையே வெறித்துக்கொண்டு நின்றேன். பயத்தைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன்! அது நாக்கின் அடியில் வந்து உட்காரும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வறீதேட்டன் தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்களும் போனோம். பூப்பல் சாரின் ஒரு கையில் ஆய்வுக்கூடத்துக்கு அவர் எழுதிய புதுக் கடிதம். மற்றொரு கையில் மிஞ்சியிருந்த கடைசிப் புட்டி. சாலையோர நூறு மரத்துக்கு ஒரு முறை தெளிக்க மட்டும் போதும் அது. மீண்டும் அவ்வளவு எடுக்க மாதங்கள் ஆகும்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்கோ," என்றார் அக்காவிடம். "என் மருந்து தோத்துப்போச்சு. பாதித் தோட்டத்துல ஜெயிக்கிறது மருந்து இல்லை, அதிர்ஷ்டம். இதை நிறுத்தறேன்னு ஆய்வுக்கூடத்துக்கு எழுதியிருக்கேன். இந்தப் புட்டியை இப்பவே கொட்டிடறேன். இதை நம்பி இன்னொருத்தர் கெட வேண்டாம்."

மூடியைத் திருகினார். வறீதேட்டன் வரப்பின் மேல் கைகட்டி நின்று சாலையோர மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கருகிய இலையொன்றைப் பிய்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கொட்டாதீங்க!"

என் குரல்தான். பொன்னாடை மேடையில் அவர் கத்தியதைப் போலவே கிறீச்சிட்டது. முன்னுரை இல்லை, மேற்கோள் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. கவிழ்த்தேன், கிணற்றில் மொண்டேன், சொல்லப் பயந்தேன் என்றேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு அது.

முதலில் பேசியவர் அக்கா. "அன்னைக்கு அடிக்கையில மூஞ்சில தெறிச்சுச்சு. உதட்டுல பட்டுக் கரிச்சுச்சு. மருந்துதான் கரிக்குது போலன்னு இருந்துட்டேன் பாவி." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, ஊரையே மயக்குற வாயி இது. இதைச் சொல்றதுக்கு இம்புட்டு நாளா?"

எதிரணியிலிருந்து எனக்கு இதைவிடக் கூரிய கேள்வி வந்ததில்லை.

பூப்பல் சார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் தோள்கள் குலுங்கின. பக்கத்தில் போய்ப் பார்த்தால், சிரிக்கிறார்!

"உப்பா? உப்பு மட்டும்தானா மோனே? அப்போ மருந்து தோக்கல்லை! தோக்கல்லையே!" கடிதத்தை நான்காகக் கிழித்தார். அடுத்த நொடியே பழையபடி முகம் வெளிறியது. "ஐயோ, நேரம் போறதே! கருகின இலையை எல்லாம் அறுத்துத் தீயில போடணும். களமசேரியிலேர்ந்து தண்ணி வரணும். அடிச்ச பிறகு காயறதுக்கு மூணு மணி நேரமாவது வேணும். மேகத்தைப் பாரு, மேகத்தைப் பாரு!"

"எந்தா இவருக்கு?" என்று வறீதேட்டன் கேட்டார்.

"அவருக்குப் பயம் திரும்பி வந்திருச்சு ஏட்டா," என்றார் அக்கா, கத்தியைத் தேடிக்கொண்டே. "இனிமே நம்ம வாழை பிழைச்சுக்கும்."

அன்று மதியத்துக்குள் களமசேரி போய்த் தண்ணீரோடு திரும்பினேன். ஆட்டோவில் மூன்று கேன்களையும் மடியிலும் கால்களுக்கிடையிலும் அணைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் என் உயிர் மூடிக்குள் ஏறி இறங்கியது. தெளித்து முடித்தபோது காயலுக்கு அப்பால் வானம் கறுத்திருந்தது. பூப்பல் சார் இரு குடைகளையும் விரித்து, இரண்டு வாழைகளுக்குப் பிடித்தபடி நின்றார்.

"சாரு, மிச்சம் தொண்ணூத்தெட்டு மரத்துக்கு யாரு பிடிக்கிறது?"

"என்னால முடிஞ்சது ரெண்டு அம்மா," என்றார் அவர், மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

மூன்று மணி நேரம் மழை பொறுத்துக்கொண்டது. அதற்கு மேல் பொறுக்கவில்லை. நான்கு பேரும் தெப்பமாக நனைந்தோம். அவர் பூசணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நனைந்த கையால் என் நனைந்த கையைப் பற்றிக் குலுக்கினார். ஆனியில் அவர் குலுக்கிய முதல் கை அது.

அற்புதம் நிகழ்ந்தது என்று முழங்க எனக்கு ஆசைதான். முழங்கப் போவதில்லை. ஓணத்துக்கு முந்தின வாரம் அறுத்தபோது குளத்தங்கரைக் குலைகள் தூக்க முடியாமல் தொங்கின. சாலையோரத்தில் புதிய இலைகள் தப்பித்துக் குலைகளைக் காத்திருந்தன. ஆனாலும் விரல்கள் மெலிவுதான். பன்னிரண்டு மரங்கள் குலையே தாங்காமல் போயின. அந்தப் பன்னிரண்டும் என்னுடையவை. வறீதேட்டன் இரு பக்கமும் இரண்டு சுற்று நடந்தார். குளத்தங்கரைக் குலையைத் தட்டினார். சாலையோரக் குலையைத் தடவினார். கடைசியில், "ஒரு கொல்லம் கூடி நோக்காம் முருகேஸ்வரீ," என்றார். இன்னும் ஓர் ஆண்டு. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வாழைக்கு மறுபக்கம் போய் நின்றார்.

அப்போதுதான் பூப்பல் சார் ஆய்வுக்கூடத்துக்கு எழுதிய அறிக்கையை என்னிடம் தந்தார். எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொன்னார். பிழை இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'சாலையோர வரிசைகளில் தண்ணீர் மாறியதற்கு என் கவனக்குறைவே காரணம்.'

"சார், இது பொய்."

"பொய் இல்லை மோனே. எந்தத் தண்ணின்னு சொன்னேன், ஏன் அந்தத் தண்ணின்னு சொல்லல்லை. பேடிச்சவன் பாதிதான் பேசுவான். மீதியையும் சொல்லியிருந்தா நீ ஓடி வந்திருப்பாய்."

"என் பேரைப் போடுங்க."

"போட்டா நாளைக்கு எவனாவது அதை மேடையில எடுத்துப் பேசுவான். நீ தலை குனிஞ்சு நிப்பாய். அதை நினைச்சாலே எனக்குப் பேடியா இருக்கு."

அவருடைய பயங்களின் நீண்ட வரிசையில், முள்ளங்கி விதைக்கும் வாழையிலைக்கும் பக்கத்தில், எனக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருந்தார். பேனாவை அவர் சட்டைப்பையிலிருந்தே எடுத்து, அந்த வரியை அடித்து, என் பெயரை முழுமையாக எழுதினேன். பிறகு வரப்பின் மேல் ஏறி நின்றேன். குலை சுமந்தவர்கள் நின்றார்கள். அக்கா எட்டிப் பார்த்தார். வறீதேட்டன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். எல்லார் காதிலும் விழும்படி, எனக்கு வாய்த்த குரல் முழுவதையும் கொண்டு சொன்னேன்:

"சார், இனிமே என் கையால ஒரு சொட்டுச் சிந்தினாலும், நீங்க பயப்படுவீங்களேன்னு மறைக்க மாட்டேன், முதல்ல உங்ககிட்டதான் ஓடி வருவேன்!"